மாரியம்மன் எப்பவோ கடல் தாண்டிட்டா

 

இந்த வாரம் ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டரைப் பத்திப் பேசப் போறோம். சாதாரண டிரான்ஸ்ஃபர் இல்ல. நல்லா சாமி கும்பிடுற குடும்பம். விரதம், கிழமை, நட்சத்திரம் எல்லாம் பார்க்குற வீடு. அந்த வீட்டு ஆளுக்குத் திடீர்னு வெளிநாட்டுத் தூதரகத்துல போஸ்டிங் வருது. போறதா, வேணாமா? இந்தக் கேள்வி இப்போ எங்க குடும்பத்துலயே ஓடிட்டிருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஒரு 150 வருஷம் பின்னாடி போயிட்டு வந்துடலாம். ஏன்னா இது புதுக் கேள்வியே இல்ல.

சர் டி. மாதவ ராவ்னு ஒருத்தர். 1828-ல கும்பகோணத்துல பிறந்தவர். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா, மூணு சமஸ்தானத்துக்கும் திவானா இருந்தவர். அந்தக் காலத்துல இந்தியாவிலேயே பெரிய நிர்வாகின்னு பேர் எடுத்த ஆளு. 1870-களின் தொடக்கத்துல, லண்டன் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி இந்தியாவோட நிதி நிலைமை பத்திச் சாட்சி சொல்ல வரணும்னு அவரைக் கேட்டாங்க. இன்னைக்குக் கணக்குல பார்த்தா அப்படி ஒரு அழைப்பு எவ்வளவு பெரிய விஷயம்! அவர் மறுத்துட்டார். காரணம், மதம். கடல் தாண்டக் கூடாது.

ஸ்கூல் புக்ல இதை ஒரு மூடநம்பிக்கைன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு அது போதாதுன்னு தோணுது. கடல் தாண்டிட்டுத் திரும்பி வந்தவரைப் பந்தியில உட்கார வைக்க மாட்டாங்க. பிராயச்சித்தம் செஞ்சாலும் பேச்சு நிக்காது. வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருந்தா சம்பந்தம் பேச ஆள் வராது. திதி குடுக்கப் புரோகிதர் வர மாட்டார். கவனிங்க, கப்பல் ஏறுறது ஒரு ஆளு. விலை குடுக்குறது மொத்த வீடு. அதுலயும் பெரும்பங்கு வீட்டுப் பொம்பளைங்க தலையில விழும். (ராமானுஜன் குடுமியை எடுத்துட்டு 1914-ல கப்பல் ஏறின கதை எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடலாம்.)

இப்போ ஒரு சின்ன ட்விஸ்ட். மாதவ ராவ் வேணாம்னு சொல்றதுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடியே, 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ'ங்கிற கப்பல் தென்னாப்பிரிக்காவுல டர்பன் துறைமுகத்தைத் தொட்டுடுச்சு. உள்ள இருந்தவங்க நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாப் போன ஜனங்க. தமிழும் தெலுங்கும் பேசுறவங்க நிறைய. 1911 வரைக்கும் அப்படிக் கப்பல் கப்பலாப் போனவங்க ஒன்றரை லட்சம் பேருக்கு மேல. அவங்ககிட்ட யாரும் சாஸ்திரத்துல இடம் இருக்கான்னு கேக்கல. அவங்களும் கேட்டுக்கல.

போன இடத்துல என்ன செஞ்சாங்க? மாரியம்மனுக்குக் கோயில் கட்டினாங்க. டர்பன் பக்கத்துல இசிபிங்கோன்னு ஒரு ஊர். அங்க ரயில்வே லைன் ஓரத்துல இருக்கிற மாரியம்மன் கோயில் தென்னாப்பிரிக்காவுல ரொம்பப் பழசுல ஒண்ணு. அந்தக் கோயில்ல பெரிய கூட்டம் எப்போ தெரியுமா? குட் ஃப்ரைடே அன்னைக்கு. ஆமா, ஈஸ்டர் வாரத்துல. தோட்டத்துக்காரன் லீவு விட்டது அப்பதான். அம்மன் காலண்டரை மாத்திக்கிட்டா. கூழ் ஊத்துறதுக்கு வேப்பிலை வேணுமே? அங்க சிரிங்கான்னு ஒரு மரம், நம்ம மலைவேம்பு ஜாதி. அந்த இலையை எடுத்துக்கிட்டாங்க. அம்மனும் ஏத்துக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நடக்குது.

நான் ஒரு சாஃப்ட்வேர் ஆளு, அதனால என் மூளை இப்படித்தான் யோசிக்கும். ஒரு சிஸ்டத்தை வேற மெஷினுக்குக் கொண்டு போறப்போ எது கோர், எது கான்ஃபிகரேஷன்னு பிரிச்சாகணும். கும்பகோணத்துல படிச்ச பெரிய மனுஷங்க தர்மசாஸ்திரம் புரட்டி முடிக்காத அந்தப் பிரிவினையை, கையெழுத்துப் போடத் தெரியாத கூலி ஜனங்க ஒரு கரும்புத் தோட்டத்துல செஞ்சு முடிச்சிட்டாங்க. தேதி மாறலாம். இலை மாறலாம். கூழ் மாறக் கூடாது. அடுப்பு அணையக் கூடாது.

இந்த ஜனங்க இருந்த அதே ஊருக்குத்தான் நம்ம ரெண்டாவது ஆள் போறார். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1869-ல கும்பகோணம் பக்கம் வலங்கைமான்ல ஒரு வைதிகப் புரோகிதருக்குப் பிறந்தவர். ஏழைக் குடும்பம். வாத்தியார் வேலை பார்த்து மேல வந்தவர். 1927-ல கேப்டவுன் ஒப்பந்தம் கையெழுத்தானதும், இந்திய அரசு சார்புல தென்னாப்பிரிக்காவுல உக்கார ஒரு ஆள் வேணும்னு ஆச்சு. பதவிப் பேரு 'ஏஜென்ட்'. வெள்ளைக்கார ஆட்சிதான் இன்னும் நடக்குது, அதனால தூதர்னு சொல்ல முடியாது. ஆனா வேலை தூதர் வேலைதான். உடம்பு சரியில்லாத மனுஷன், வயசு 57. தயங்கினவரைப் பிடிச்சுத் தள்ளினவர் காந்தி. போனார். 1929 ஜனவரி வரைக்கும் இருந்தார். டர்பன்ல இந்தியப் பிள்ளைங்களுக்கு மேல்நிலைப் படிப்பு கிடைக்கணும்னு அவர் காசு திரட்டி ஆரம்பிச்சு வச்சதுதான் சாஸ்திரி காலேஜ். புரோகிதர் மகன் கடல் தாண்டிப் போய், கூலிகளோட பேரப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். மாதவ ராவ் மறுத்ததுக்கும் இதுக்கும் நடுவுல அம்பது வருஷம் சொச்சம்தான்.

இப்போ மூணாவது ஆள். இவரைப் பத்தித்தான் நான் ரொம்ப நேரம் பேசணும்னு வந்தேன்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888, திருத்தணி. தெலுங்கு பேசுற வைதிகக் குடும்பம், கையில காசு கிடையாது. திருத்தணி, திருப்பதி, வேலூர், அப்புறம் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். 1949-ல அவருக்கு 60 வயசு. ஆக்ஸ்ஃபோர்டுல கீழை நாட்டு மதங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர். இந்தியாவுல பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைவர். வாழ்நாள் முழுக்க வேதாந்தம் சொல்லிக் குடுத்தவர். சைவம். மது தொடுறதில்லை. நேரு அவரை எங்க அனுப்பினார்? மாஸ்கோவுக்கு. ஸ்டாலின் ஆள்ற மாஸ்கோ. கடவுள் இல்லைங்கிறது அரசாங்கக் கொள்கையா இருந்த நாடு.

அப்போ நிறையப் பேர் நெத்தியைச் சுருக்கினாங்க. அவருக்கு முன்னாடி அங்க தூதரா இருந்தவர் நேருவோட தங்கச்சி விஜயலட்சுமி பண்டிட். அவரையே ஸ்டாலின் ஒரு தடவைகூடச் சந்திக்கல. அப்படிப்பட்ட இடத்துல பஞ்சகச்சத்துக்கும் தலைப்பாகைக்கும் என்ன வேலைன்னு கேட்டாங்க. டிப்ளமசின்னாலே ராத்திரி விருந்து, கையில கிளாஸ், பேச்சுவாக்குல காரியம். கிளாஸே பிடிக்காத ஆளு என்ன செய்வார்?

அவர் தன்னை மாத்திக்கவே இல்ல. அதுதான் எனக்குச் சுவாரசியம். அதே தலைப்பாகை, அதே சாப்பாடு. படுக்கையில சாஞ்சுட்டே படிக்கிறதும் எழுதுறதும் அவர் பழக்கம், அதுவும் மாறல. ஆக்ஸ்ஃபோர்டு வேலையையும் விடல, நடுநடுவுல அங்க போய்ப் பாடம் எடுத்துட்டு வந்தார். உபநிடதங்களுக்கு அவர் செஞ்ச பெரிய மொழிபெயர்ப்பு 1953-ல வெளிவந்தது. அப்போ அந்த மாஸ்கோ வருஷங்கள்ல அவர் மேஜையில, சரி, படுக்கையில, என்ன கிடந்திருக்கும்னு நீங்களே யோசிங்க.

1950 ஜனவரி, ஒரு ராத்திரி. கிரெம்ளின்லேர்ந்து கூப்பிட்டாங்க. பண்டிட்டைப் பார்க்காத ஸ்டாலின் இந்தப் பேராசிரியரைப் பார்த்தார். அந்தச் சந்திப்புல அசோகர் கதையை ராதாகிருஷ்ணன் சொன்னதா ஒரு சம்பவம் ரொம்பப் பிரபலம். ரத்தம் சிந்தி ஜெயிச்ச ஒரு ராஜா அப்புறம் போரையே விட்டுட்டார், உங்களுக்கும் அப்படி நடக்கலாம் இல்லையா, அப்படின்னு. இதை ஸ்டாலின்கிட்டச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! ஸ்டாலின் கோவிச்சுக்கல, தானும் மதப் பள்ளியில படிச்சவன்தான்னு ஞாபகப்படுத்தினார்னு சொல்லுவாங்க. படிச்சது உண்மைதான். 1894-லேர்ந்து 1899 வரைக்கும் திபிலிசியில பாதிரியார் ஆகுறதுக்கான செமினரியில இருந்தவர் ஸ்டாலின். நாத்திக நாட்டோட தலைவருக்கு மதம் பேசுற பாஷை தெரியும். அங்க போய் வேற எந்தத் தூதரும் அந்தப் பாஷையில பேசியிருக்க மாட்டாங்க.

1952 ஏப்ரல்ல விடைபெறப் போனப்போ ஸ்டாலின் கன்னத்தைத் தட்டிக் குடுத்தார்னு இன்னொரு கதை. அது ஆசிரியர் தின மேடைப் பேச்சுல அடிக்கடி வரும், நீங்க கேட்டிருப்பீங்க. அடுத்த மாசமே துணைக் குடியரசுத் தலைவர்.

ஆனா ஆசிரியர் தின மேடையில வராத ஒரு பேர் இருக்கு. சிவகாமு. அவர் மனைவி. குழந்தையா இருந்தப்பவே கல்யாணம், அந்தக் கால வழக்கம். அஞ்சு பொண்ணு, ஒரு பையன். வீட்டுக்காரர் கல்கத்தா, ஆந்திரா, ஆக்ஸ்ஃபோர்டு, காசி, மாஸ்கோன்னு ஓடிட்டே இருந்தார். வீடு ஒண்ணு ஓடாம நிக்கணும்னா அதைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும் இல்லையா? 1956-ல அந்தம்மா இறந்துட்டாங்க, அவர் குடியரசுத் தலைவர் ஆகுறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. மகன் சர்வபள்ளி கோபால் பெரிய வரலாற்றாசிரியர், நேரு வாழ்க்கை வரலாறு எழுதினவர். 1989-ல அப்பாவைப் பத்தி எழுதின புத்தகத்துல, அப்பாவோட அறிவை மதிக்கிற அதே கையால, கணவரா அவர் எப்படி இருந்தார்ங்கிறதையும் மறைக்காம எழுதியிருக்கார். ஒரு மகன் அப்படி எழுதுறது லேசான காரியம் இல்ல.

மாதவ ராவ் வீட்டுல பார்த்த அதே கணக்குதான் இங்கயும். போறது ஒருத்தர், சுமக்குறது வேற ஒருத்தர். பாவம், பிராயச்சித்தம்ங்கிற பேச்செல்லாம் காணாமப் போயிடுச்சு. அந்தக் கணக்கு மட்டும் அப்படியே நிக்குது.

சரி, இப்போ எங்க வீடு.

எங்க ஊரு நிலக்கோட்டை. திண்டுக்கல் மாவட்டம், கொடைரோடு ஸ்டேஷன்ல இறங்கி வரணும். மல்லிகைப் பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். சித்தப்பா பூ வியாபாரம். விடிகாலையில மார்க்கெட் போயிட்டு வந்து, குளிச்சு, முதல் முழம் சாமிக்கு. அதுக்கப்புறம்தான் காபி. சனிக்கிழமை ஆனா அணைப்பட்டி ஆஞ்சநேயர். வீட்டுல கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அவர் பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை, எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். பரீட்சை எழுதி வெளியுறவு அமைச்சகத்துல அசிஸ்டன்ட் செக்‌ஷன் ஆபீசர் ஆனா. இப்படி ஒரு வழி இருக்குன்னு நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நிறையப் பேருக்குத் தெரியாது. ஐ.எஃப்.எஸ். மட்டும்தான் தூதரகத்துக்குப் போற வழின்னு நினைச்சுட்டிருக்காங்க. கொஞ்ச வருஷம் டெல்லி ஆபீஸ், அப்புறம் ஏதாவது ஒரு நாட்டுல போஸ்டிங், பொதுவா மூணு வருஷம். நம்ம விருப்பத்தைச் சொல்லலாம். கிடைக்கிறது வேற விஷயம்.

அவ சிங்கப்பூர், கொழும்புன்னு கனவுல இருந்தா. வந்தது உலான்பாட்டர். மங்கோலியா.

உலகத்துலயே குளிரான தலைநகரம். ஜனவரியில மைனஸ் 30 டிகிரி. ஆட்டுக்கறியும் குதிரைப் பாலும் சாப்பிடுற நாடு. அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "அங்கன வெயிலே அடிக்காதா?" சித்தப்பா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் என்கிட்ட, "தம்பி, அங்க சாமிக்குப் பூவுக்கு என்ன செய்வா?"ன்னார். கேட்டுச் சிரிச்சிடாதீங்க. வாழ்க்கை முழுக்க மத்தவங்க சாமிக்குப் பூ குடுத்த மனுஷன் அவர். அவருக்கு மதம்னா அதுதான். டெல்லியில ஆர்.கே. புரம் மலை மந்திர் இருந்துச்சு, செவ்வாய்க்கிழமை அவ போயிட்டு போன் பண்ணுவா, இவருக்கு மனசு நிறைஞ்சுடும். உலான்பாட்டர்ல என்ன சொல்லி மனசை நிறைக்கிறது?

அப்புறம்தான் நிஜமான பேச்சு ஆரம்பிச்சுது. "கல்யாணத்தை முடிச்சுட்டுப் போகட்டும்." பூ, குளிரு, கறி எல்லாத்தையும் சுத்தி வந்து பேச்சு இங்கதான் நின்னுச்சு. நான் பெங்களூருக்குப் போறப்போ என்கிட்ட யாரும் இதைக் கேக்கல. சீனிவாச சாஸ்திரியையோ ராதாகிருஷ்ணனையோ யாரும் கேட்டிருக்க வாய்ப்பே இல்ல. பக்தியும் பயமும் ஒரே குரல்ல பேசுறப்போ எது எதுன்னு பிரிக்கிறது கஷ்டம். சித்தப்பாகிட்ட அதைச் சொன்னேன். "நீ பேசுவப்பா, உனக்கென்ன"ன்னார். அதுலயும் நியாயம் இருக்கு.

சித்தி மட்டும் எதுவும் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல, அதுதான் விஷயம். அந்த வீட்டுல விளக்கு ஏத்துறது, விரதச் சமையல், கார்த்திகை, கிருத்திகை, எல்லாம் நடத்துறது சித்திதான். அவங்க தங்கச்சிகிட்ட போன்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம். "அங்க கேஸ் அடுப்பா, கரன்ட் அடுப்பா?" அதுல எனக்கு இசிபிங்கோ ஞாபகம் வந்துடுச்சு.

உலான்பாட்டர்னு பேர் வந்ததும் நான் தேட ஆரம்பிச்சேன். அப்போ கிடைச்சவர்தான் நாலாவது ஆள். பத்தொன்பதாவது குஷோக் பகுலா ரின்போச்சே. லடாக்கைச் சேர்ந்த புத்த பிட்சு. ரெண்டு தடவை லடாக்கோட எம்.பி. லே விமான நிலையத்துக்கு அவர் பேர்தான் வச்சிருக்கு. 1990-ல இந்தியா அவரை மங்கோலியாவுக்குத் தூதரா அனுப்புச்சு. அப்போ அவருக்கு வயசு எழுபதுக்கு மேல. காவி அங்கி போட்ட ஒரு துறவி, தூதரக நாற்காலியில.

மங்கோலியாவுல 1930-கள்ல கம்யூனிஸ்ட் அரசு நூத்துக்கணக்கான மடங்களை இடிச்சுத் தள்ளினது. ஆயிரக்கணக்கான லாமாக்களைக் கொன்னது. அப்புறம் பல வருஷம் பேருக்கு ஒரே ஒரு மடம், காந்தன் மடம், அதுதான் வெளிய தெரியுற மாதிரி இயங்குச்சு. பகுலா போய் இறங்கினது, அங்க ஜனநாயகப் போராட்டம் தெருவுக்கு வந்த அதே குளிர்காலத்துல. தூதரகத்துக்கு ஜனங்க விசா வாங்க வர்றதுக்குப் பதிலா ஆசி வாங்க வர ஆரம்பிச்சாங்க. வழக்கமா மூணு, நாலு வருஷத்துல முடியுற போஸ்டிங், அவருக்கு 2000 வரைக்கும் நீண்டுச்சு. 1999-ல உலான்பாட்டர்லயே பெத்துப்னு ஒரு மடம் கட்டினார். இப்பவும் அங்க பிட்சுகள் படிக்கிறாங்க. அவர் 2003-ல டெல்லியில காலமானார்.

இதைச் சித்தப்பாகிட்ட சொன்னேன். ஒரு சாமியாரையே கவர்மென்ட் அந்த ஊருக்கு அனுப்பி வச்சிருக்குங்கிறது அவருக்கு நம்பவே முடியல. போட்டோ காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, அங்கயும் சாமி கும்பிடுற ஜனம்தான்"னார். சம்மதம்னு அதை நான் எடுத்துக்கல. பகுலா ஆம்பளை, துறவி, அவருக்குக் கல்யாணப் பேச்சு கிடையாது. அவர் கதையைச் சொல்லி எங்க வீட்டுச் சண்டையை முடிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும்.

தங்கச்சி ஆர்டரை ஏத்துக்கிட்டா. அப்பாகிட்ட அனுமதி கேட்டு இல்ல, சொல்லிட்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அவ வீட்டுல அந்த வித்தியாசம் நேத்துதான் பிறந்துச்சு. சித்தி சாம்பார்ப் பொடி அரைக்க மிளகாய் காயப் போட்டாச்சு. சித்தப்பா கற்பூரம் ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கார். ஃப்ளைட்ல கற்பூரம் விட மாட்டாங்க, தீப்பிடிக்கிற பொருள். அதை அவர்கிட்ட யார் சொல்றதுன்னு வீட்டுல இன்னும் முடிவாகல.

தூதரகத்துல வேலை பார்க்குறவங்க, இல்ல அப்படி ஒரு வீட்டுல வளர்ந்தவங்க யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா, எங்களுக்கு எழுதுங்க. குறிப்பா குளிர் நாட்டுல இருந்தவங்க. மாவு எப்படிப் புளிக்க வச்சீங்க, நாள் கிழமைக்கு என்ன செஞ்சீங்க, சாமிக்கு என்ன பூ வச்சீங்கன்னு. உங்க பேர் போட வேணாம்னா போட மாட்டோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.